குதிரைக்கொம்பு

சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே நெகானி.
சுரங்கம் மூடியபின் பாதி விளக்கு எரியும் தெருவில்
ஆர்வோ லெஹ்டினனின் துப்பாக்கிப் பட்டறை.
பனி வாரும் வண்டி இப்போதுதான் போனது.
அதற்குள் வாசலில் மறுபடி பனி.

மார்லிஸ் காங்கஸ் பூட்ஸை உதறாமல் உள்ளே வந்தாள்.
துண்டில் சுற்றியதைப் பிரித்து
கண்ணாடி மேசையில் வைத்தாள்.
குண்டுகள் தனியாக, மாத்திரை டப்பாவில்.
ஐந்து இருக்கவேண்டியது, நான்கு.
ஆர்வோ எண்ணினார். கேட்கவில்லை.

கைக்குள் அடங்குகிற ரிவால்வர்.
அக்டோபரில் அவர் கைபட்டதுதான்.
பெட்ரோல் பங்கில் இரா வேலை,
அவசரத்துக்கு எடுத்தால்
கோட்டின் உள்துணியில் மாட்டிக்கொள்கிறது என்றாள் அன்று.
மாட்டியது, சுத்தியலின் முதுகில்
கட்டைவிரலுக்காக நீட்டிக்கொண்டிருந்த வளைவு.
அந்தச் சுத்தியலைத் தமிழில் குதிரை என்போம்.
ஆர்வோவுக்கு அது தெரியாது.
தெரியாமலே குதிரையின் கொம்பை அறுத்தார்,
அரம் போட்டார், விளிம்பை மழுக்கினார்,
தன் கோட்டுப் பையில் போட்டு எடுத்தும் காட்டினார்.
ஈரச் சோப்பைப் போல வந்தது.
அறுபது டாலர். அவள் ஐந்து கூடவே வைத்தாள்.

"திரும்ப வை."
"எதை?"
"அறுத்ததை."
"வேலையில் குறையா?"
"குறையே இல்லை. அதுதான் குறை."

பனிப்புயல் என்று பங்கை மூடச் சொல்லிவிட்டார்கள்.
விடிகாலை மூன்றுக்கு வீடு.
கராஜில் யாரோ.
தலையில் முக்காடு, முதுகு இந்தப் பக்கம்,
ப்ரீசருக்குள் கை.
தங்கை மகன் கோரி, சாவியைத் தொலைத்தவன்,
பீட்சா தேடிக்கொண்டிருந்தான்.
"முன்னெல்லாம் ஒரு இழுப்பு, ஒரு திருகு, ஒரு வசவு.
அந்த வசவுக்குள்ளே விளக்கைப் போட்டிருப்பேன்.
இந்தத் தடவை கை எங்கேயும் நிற்கவில்லை, ஆர்வோ."

ப்ரீசர் கதவில் ஓட்டை.
அவன் காதுக்கும் அதற்கும் ஒரு சாண்.
இடப்பக்கம் நின்று கூப்பிட்டால்
அவன் இன்னும் திரும்புவதில்லை.

"விற்றுவிடேன்."
"ராத்திரி பதினொன்றிலிருந்து ஏழுவரை
கல்லாவில் நீ வந்து நிற்கிறாயா?"
ஆர்வோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அது அழுக்காக இல்லை.

அறுத்ததை ஒட்ட முடியாது.
சூடு பட்டால் இரும்பு தன் குணத்தை விட்டுவிடும்.
முழுசாக ஒன்று வேண்டும்.
கம்பெனி இந்த மாடலை நிறுத்திப் பத்தொன்பது வருஷம்.
டுலூத்தில் இல்லை. கிரீன் பேயில் சிரித்தார்கள்.
கொம்போடு ஒரு குதிரை:
என் மொழி இதை எப்போதோ சொல்லி முடித்துவிட்டது,
நான் சேர்க்க ஒன்றுமில்லை.

மூன்றாம் வாரம் எஸ்கனாபாவிலிருந்து,
புருஷன் சாமான்களை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி
இருமல் மிட்டாய் டப்பாவில் அனுப்பினாள்.
பஞ்சுக்குள் ஒன்று, லேசாகத் துருவோடு.

மாட்டினார். வெறும் அறையில் முப்பது தடவை விழவைத்துக்
காதால் பார்த்தார்.
பிறகு, "கோட்டைப் போட்டுக்கொள்" என்றார்.

காலித் துப்பாக்கி. பையில் விட்டாள், இழுத்தாள்.
மாட்டியது.
மறுபடி இழுத்தாள். உள்துணி கிழிந்து
சாம்பல் நூலொன்று கொம்போடு வெளியே வந்தது.
ஆர்வோ உதட்டுக்குள் தாத்தன் பாஷையில் எண்ணினார்:
யுக்ஸி, காக்ஸி.
"இரண்டு. போதுமா?"

அவள் திரும்பப் பையில் வைத்தாள்.
இன்னொரு தடவை இழுத்தாள், இம்முறை வாய்விட்டு:
"கோரி?"
பெயர் முடிந்தது. துப்பாக்கி இன்னும் பைக்குள்.

"எண்பது டாலர்," என்றார் ஆர்வோ,
"கோட்டுக்கு நூல் உன் செலவு."
"தைக்கப் போவதில்லை," என்றாள்.